முள்வேலியும் மே மலரும்: இங்கிலாந்து நாட்டுப்புற வசந்தத்தின் வரலாறு

மார்ச் மாதக் கடைசியில் தொடங்கி மே மாத முடிவு வரை நீளும் வசந்த காலத்தில் இங்கிலாந்து மக்கள் நாட்டுப்புறத்தில் தேடிச் செல்லும் இன்பங்கள் மிக எளியவை. காட்டுத் தரையில் நீலம் பரப்பும் புளூபெல் பூக்களைப் பார்ப்பது, வேலியோரத்து வெளிர்மஞ்சள் பிரிம்ரோஸைக் கண்டு நிற்பது, ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய தகைவிலான் குருவிகளையும் கதிர்க்குருவிகளையும் அடையாளம் காண்பது, புல்வெளிகளினூடே நெடுநேரம் நடப்பது ஆகியவையே அவற்றுள் முதன்மையானவை. டிசம்பரில் ஏறத்தாழ 8 மணி நேரமே வெளிச்சம் காணும் லண்டன் வட்டாரத்தில் மே மாத நடுவில் பகற்பொழுது 15 மணி நேரத்தைக் கடந்துவிடுகிறது என்பதை நினைத்தால், அந்நாட்டில் வசந்தம் ஏன் விடுதலையாகவே உணரப்படுகிறது என்பது விளங்கும். இவ்வின்பங்களுக்குக் காசு எதுவும் தேவையில்லை என்பதால் இவை எக்காலத்திலும் எல்லோருக்கும் கிட்டியவை என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் வசந்தத்தைக் காண ஓய்வு நாள் ஒன்றும், அதை நோக்கி நடக்க வழி ஒன்றும் வேண்டும். இவ்விரண்டையும் இங்கிலாந்தின் எளிய மக்கள் ஒரு காலத்தில் பெற்றிருந்து, பின்னர் இழந்து, நெடுங்காலம் போராடி ஓரளவு மீட்டனர் என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

பழைய இங்கிலாந்தில் வசந்தத்தின் தலையாய நாள் மே முதல் நாள். அதற்கு முந்தைய இரவிலோ விடியலிலோ இளைஞரும் கன்னியரும் காட்டுக்குள் சென்று, பூத்த கிளைகளை ஒடித்து வந்து வீட்டு வாசல்களில் செருகினர். ஊர் நடுவே 'மேக் கம்பம்' எனப்படும் உயர்ந்த மரத்தை நட்டு, அதைப் பூவாலும் இலையாலும் அலங்கரித்துச் சுற்றி ஆடினர். இந்தக் கொண்டாட்டத்தைப் பற்றிய மிக விரிவான சித்திரம் அதை வெறுத்தவர் ஒருவரிடமிருந்தே கிடைக்கிறது. ஃபிலிப் ஸ்டப்ஸ் என்னும் தூய்மைவாதி 1583-இல் வெளியிட்ட கண்டன நூலில், கொம்புகளில் பூச்செண்டு கட்டிய எருதுகள் பல சோடி சேர்ந்து கம்பத்தை ஊருக்குள் இழுத்து வரும் காட்சியை விலைமதிப்பற்ற நுணுக்கத்துடன் எழுதிவைத்தார். தூய்மைவாதிகள் என்போர் திருச்சபையிலும் சமூகத்திலும் கடும் ஒழுக்கத்தை வேண்டிய சீர்திருத்தக்காரர்கள். உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றம் அவர்கள் கைக்கு வந்தபின், 1644-ஆம் ஆண்டின் ஆணை ஒன்று நாடெங்கும் மேக் கம்பங்களை வீழ்த்தச் சொன்னது. 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னராகத் திரும்பியதும் அவை மீண்டும் எழுந்தன. மறு ஆண்டில் லண்டனின் ஸ்ட்ராண்ட் வீதியில் நடப்பட்ட கம்பம் 130 அடியையும் மிஞ்சியது.

அந்நாளில் ஒடித்து வரப்பட்ட கிளைகளுள் சிறப்பிடம் பெற்றது ஹாத்தார்ன் என்னும் முட்செடி. வெண்மையான சிறு பூக்கள் கொத்துக்கொத்தாக மூடும் அச்செடிக்கு மக்கள் வழக்கில் 'மே' என்பதே பெயர். ஆயினும் இன்றைய மே முதல் நாளில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் அது முழுமையாகப் பூத்திருப்பதில்லை. காரணம், 1752-இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 என்று அறிவிக்கப்பட்டு, இடையே 11 நாட்கள் நீக்கப்பட்டன. பழைய கணக்கின் மே முதல் நாள் இன்றைய கணக்கில் மே 11 அல்லது 12-இல் விழும். அரசின் ஆணையால் விழா முன்னால் நகர்ந்தது, செடியோ தன் பழைய நாளிலேயே நின்றுவிட்டது. இப்பூவை வீட்டு வாசலில் வைப்பதை விரும்பிய மக்களே அதை வீட்டுக்குள் கொண்டுவருவது சாவை அழைக்கும் என்று அஞ்சினர். அதன் மணத்தில் உள்ள டிரைமெத்திலமீன் என்னும் சேர்மம் அழுகும் உடலிலும் உண்டாவது என்பதை அறியும்போது, அந்த அச்சத்துக்கும் ஓர் அனுபவ அடிப்படை இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

மே நாளைவிட இன்று அதிகம் மறக்கப்பட்டதும், ஆனால் இந்த வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானதும் 'எல்லை சுற்றுதல்' என்னும் வழக்கம். ஈஸ்டருக்குப் பின் ஐந்தாம் வாரத்தில், இயேசு விண்ணேறிய திருநாளுக்கு முந்தைய மூன்று நாட்களில், பயிர் செழிக்க வேண்டி ஊரார் பாதிரியாருடன் தங்கள் திருச்சபை வட்டத்தின் எல்லையை முழுவதுமாக நடந்து சுற்றினர். வில்லோ மரக் கழிகளால் எல்லைக் கற்களைத் தட்டுவதும், உடன் வந்த சிறுவரை அக்கற்களின் மேல் லேசாக மோதச் செய்வதும் வழக்கம். வலியோடு கற்ற எல்லை முதுமை வரை நினைவில் நிற்கும், வழக்கு வந்தால் அச்சிறுவர் சாட்சி சொல்வர் என்பதே நோக்கம். சமயச் சீர்திருத்தத்தின்போது மற்ற ஊர்வலங்கள் தடுக்கப்பட்டும், முதலாம் எலிசபெத்தின் 1559-ஆம் ஆண்டு ஆணைகள் இந்த நடையை மட்டும் விட்டுவைத்தன. நிலப்படம் அரிதாயிருந்த காலத்தில் ஊரின் நிலவுரிமை நடப்பவர் காலிலும் நினைவிலும் இருந்தது. வழியில் ஆங்காங்கே எளிய விருந்தும் பியரும் இருந்தன. தளிர்த்த வயல்களுக்கு ஊடே குழந்தை முதல் கிழவர் வரை ஒன்றாக நடந்த அந்த நாட்களில் வசந்த இன்பமும் நிலத்தின் மீதான பொது உரிமையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாயிருந்தன.

அந்த இணைப்பை அறுத்தது வேலியடைப்பு. ஊரார் கூட்டாகப் பயன்படுத்திய திறந்த வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் தனியார் உடைமைகளாகப் பிரித்து வேலியிடுவதே அதன் பொருள். ஆடுமாடு மேய்த்தல், விறகு பொறுக்குதல் முதலிய பழைய பாத்தியதைகள் அதனால் ஒழிந்தன. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் நிறைவேற்றிய 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் 68 லட்சம் ஏக்கரை, அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மிகையானதை, இவ்வாறு அடைத்தன. வேலிக்கெனப் பெரிதும் நடப்பட்டது ஹாத்தார்ன்தான். விரைவில் வளரும், முள் அடர்த்தியானது, மாடு நுழையாது. ஊர் கூடிக் காட்டிலிருந்து கொண்டுவந்த மே மலர், ஊரை நிலத்திலிருந்து விலக்கும் வேலியாயிற்று. இன்று மே மாதத்தில் நடு இங்கிலாந்தின் வயல்களைச் சட்டமிட்டு வெண்மையாகப் பூத்து நிற்கும் நேர்கோட்டு வேலிகளில் பல இவ்வாறு பிறந்தவையே. அவற்றின் அழகு உண்மையானது. அந்த அழகுக்குக் கொடுக்கப்பட்ட விலையும் உண்மையானது.

அவ்விலையைக் கொடுத்தவர்களில் ஒருவர் அதை எழுதியும் வைத்தார். நார்தாம்ப்டன்ஷயர் வட்டாரத்தின் ஹெல்ப்ஸ்டன் ஊரில் 1793-இல் பிறந்த ஜான் கிளேர் விவசாயக் கூலித் தொழிலாளி. அவ்வூரை அடைக்கும் சட்டம் 1809-இல் நிறைவேறியது. நிலப் பங்கீடு இறுதியான 1820-ஆம் ஆண்டில்தான் அவருடைய முதல் கவிதைத் தொகுதியும் வெளிவந்தது. பறவைக் கூடுகளையும் வேலியோரப் பூக்களையும் அவரளவுக்கு அருகிலிருந்து பார்த்து எழுதிய ஆங்கிலக் கவிஞர் வேறொருவர் இல்லை எனலாம். வயலோரம் நடந்தாலே அத்துமீறியவனாகக் கருதப்படுவோமோ என்னும் உழைப்பாளியின் அச்சமும் அந்த எழுத்திலேயே கலந்திருக்கிறது. அவருக்கு முன் வாழ்ந்த நிலக்கிழார் ராபர்ட் மார்ஷம், நார்ஃபோக் வட்டாரத்தில் தம் குடும்பப் பண்ணையில் 1736 முதல் ஆண்டுதோறும் முதல் தகைவிலான் வந்த நாள், ஓக் மரம் துளிர்த்த நாள் என்று வசந்த அறிகுறிகளைக் குறித்துவந்தார். அவர் குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்தனர். அறிவியலுக்கு அக்குறிப்பேடு பெருஞ்செல்வம். எனினும் வசந்தத்தை அச்சமின்றிக் குறித்துவைக்கவும் சொந்த நிலம் தேவைப்பட்டது என்பதைக் கிளேரின் வாழ்க்கை காட்டுகிறது.

வேலிகளுக்கிடையே எஞ்சியவை ஒற்றையடிப் பாதைகள். வீட்டிலிருந்து கோயிலுக்கும் மாவு ஆலைக்கும் வயலுக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டான இப்பாதைகளில், நிலம் தனியாருடையதாயினும் நடக்கும் உரிமை பொதுமக்களுடையது என்று ஆங்கில வழக்குச் சட்டம் கொள்கிறது. வேலியைக் கடக்குமிடத்தில் ஆள் ஏறி இறங்கவும் ஆடுமாடு புகாதிருக்கவும் அமைத்த மரப்படிக்கு ஸ்டைல் என்று பெயர். நாட்டுப்புற நடையின் அடையாளமாகவே அது நிலைத்துவிட்டது. ஆனால் 1815-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, தேவையற்றது எனத் தோன்றும் பாதையை இரண்டு உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள் சேர்ந்து மூடிவிடலாம் என்றது. மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் நிலக்கிழார்களே. எனவே பாதைகள் மறையத் தொடங்கின. அவற்றைக் காக்க 1824-இல் யார்க்கிலும் 1826-இல் மான்செஸ்டரிலும் சங்கங்கள் தோன்றின. ஆலைப் புகையில் வாழ்ந்த மான்செஸ்டர் நகரத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வயற்பாதை வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை, மூச்சுவிடும் வழியாகவே இருந்தது.

வழியைப் போலவே ஓய்வு நாளும் மெல்ல மெல்லவே மீண்டது. வீட்டுப் பணிப்பெண்களுக்குத் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறாகிய 'அன்னையர் ஞாயிறு' நெடுங்காலமாக ஓர் அரிய விடுமுறை. தாய் வீட்டுக்கு நடக்கும் வழியில் வயலட் பூக்களைப் பறித்துச் செல்வது அவர்களது வசந்தம். 1850-இன் தொழிற்சாலைச் சட்டம் துணியாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு நிறுத்தியது. 1871-இல் ஜான் லபக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம் ஈஸ்டர் திங்களையும் வசந்தக் கடைசியின் விட்சன் திங்களையும் விடுமுறையாக்கியது. ரயில் நகரத்தாரை வயல்களுக்குக் கொண்டுசென்றதுடன் பூக்களை நகரத்துக்கும் கொண்டுவந்தது. லெட்பரிக்கும் குளோஸ்டருக்கும் இடையே 1885-இல் திறக்கப்பட்ட ரயில் பாதை, டைமக் ஊரைச் சுற்றித் தானே வளரும் டாஃபடில் மலர்களைக் கூடை கூடையாக ஏற்றிச் சென்றதால் 'டாஃபடில் பாதை' என்றே பெயர் பெற்றது.

வசந்தகால ஞாயிறு ஒன்றிலேயே இந்தப் போராட்டம் உச்சத்தை அடைந்தது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடைப்பட்ட பீக் மாவட்டத்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம், கிரவுஸ் என்னும் பறவையைச் செல்வர் வேட்டையாடுவதற்காகக் காவலருடன் பாதுகாக்கப்பட்டு வந்தது. வேலையின்மை மிகுந்த 1932-ஆம் ஆண்டின் ஏப்ரல் 24 அன்று, 20 வயது இளைஞர் பென்னி ராத்மன் உள்ளிட்ட ஏறத்தாழ 400 பேர் ஹேஃபீல்டு ஊரிலிருந்து புறப்பட்டு அதன் மேல் ஏறினர். வேட்டைக் காவலர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை கிடைத்தது. திறந்த வெளியில் நடந்தவர்களுக்குச் சிறையா என்ற கேள்வி, அதுவரை அமைதியாக மனுக் கொடுத்துவந்த சங்கங்களுக்குக் கிடைக்காத மக்கள் செவியை எட்டியது. 1949-இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் நிறைவேறி, பொதுப் பாதைகளை மாவட்ட மன்றங்கள் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதியக் கட்டளையிட்டது. 1951 ஏப்ரலில் பீக் மாவட்டமே முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1932-இல் கிண்டர் மேட்டைத் தன் உடைமையாகக் கொண்டிருந்த டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் பிற்காலத் தலைவர் 2002-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

வழி மீண்ட அதே காலத்தில், அவ்வழி சென்று காணவேண்டியவை அருகிவந்தன என்பது இந்த வரலாற்றின் துயரமான பகுதி. புளூபெல், பிரிம்ரோஸ், காட்டு அனிமோனி முதலியவை செழித்த காடுகள் பெரும்பாலும் மனிதர் பேணியவை. ஹேசல் போன்ற மரங்களை அடியோடு வெட்டி, கரும்பின் மறுதாம்பைப் போல அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிக்கும் வேலித்தட்டிக்கும் விறகுக்கும் கரிக்குமாக அறுத்துவந்தனர். வெட்டிய இடத்தில் வெயில் விழுந்ததும் அடுத்த இரண்டு மூன்று வசந்தங்களில் தரை முழுவதும் பூக்கும். நிலக்கரியும் கம்பி வேலியும் வந்தபின் அத்தொழில் நலிந்தது, காடு இருண்டது, பூவும் குறைந்தது. புல்வெளிகளின் நிலை இன்னும் கொடியது: 1930-களுக்குப் பின் உழவும் உரமும் பூத்த புல்வெளிகளில் ஏறக்குறைய 97 விழுக்காட்டை அழித்துவிட்டன. உலகின் புளூபெல் செடிகளில் பாதியளவு பிரிட்டனிலேயே உள்ளன எனக் கணிக்கப்படுகிறது. நில உரிமையாளரின் அனுமதியின்றி அவற்றைப் பெயர்த்தெடுப்பது இன்று குற்றம்.

2000-ஆம் ஆண்டில் நிறைவேறிய நாட்டுப்புறச் சட்டம், மலை, மேட்டுநிலம், புதர்வெளி, சுண்ணாம்புக் குன்று, பதிவுபெற்ற பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைத் தந்தது. அது பெரிய வெற்றிதான். ஆனால் வசந்தம் முதன்மையாகத் தங்குமிடங்களான புளூபெல் காடுகளும் ஆற்றங்கரைகளும் பூத்த புல்வெளிகளும் பெரும்பகுதி அதற்குள் அடங்கவில்லை. இங்கிலாந்தின் பரப்பில் அச்சட்டப்படி மக்கள் தடையின்றி நடக்கக்கூடிய நிலம் இன்றும் ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே.