சுரங்க வழியிலே ஒரு சினிமாச் சரித்திரம்

அரசர்களும் தளபதிகளும் வெண்கலமாய் நிற்கும் நகரம் இலண்டன். அந்நகரின் கிழக்குப் புறத்திலே, லெய்ற்றன்ஸ்ரோன் புகையிரத நிலையத்தின் நுழைவழிச் சுவர்களிலே, சினிமாவுக்கென ஒரு நினைவுச் சின்னத்தைக் காண்போமென நாம் எதிர்பார்த்திருக்கவில்லை. நிறக்கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஆக்கிய 17 மொசைக் சித்திரங்கள் அங்குள்ளன. ‘சைக்கோ’, ‘வேர்ட்டிகோ’, ‘பறவைகள்’ முதலிய திரைப்படங்களின் காட்சிகள் அவற்றிலே உருப்பெற்றிருக்கின்றன. நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வேலைக்கு விரைபவர் ஒவ்வொருவரும் அவற்றைக் கடந்தே ஆகவேண்டும்.

இப்படங்களின் நெறியாளரான அல்பிரட் ஹிச்கொக் அவ்வூரின் மரக்கறிக் கடைக்காரர் ஒருவரின் மகன். 1899 ஆகஸ்ட் 13இல் கடைக்கு மேலிருந்த வீட்டிலே பிறந்தவர். தந்தை இறந்தபின் தந்திக் கம்பித் தொழிற்சாலையொன்றிலே ஊழியம் பார்த்தார். பின்னர் மௌனப் படங்களுக்குத் தலைப்பட்டைகள் வரைபவராகச் சினிமாவுக்குட் புகுந்தார். அந்தக் கடை இன்றில்லை. அவ்விடத்தில் ஒரு பெற்றோல் நிலையம் வந்துவிட்டது. தந்தையின் கடை வாயிலில் நிற்கும் சிறுவனை நிலையத்துச் சுவரில்தான் காணலாம்.

அவரது நூற்றாண்டை ஒட்டி இவற்றை ஆக்கியது கிறினிச் சுவரோவியப் பட்டறை. 2001 மே மாதத்திலே திறந்துவைக்கப்பட்டன. அப்பட்டறையின் வரலாற்றை அறிந்தோர் இங்கு சற்று நிற்பர். 1975இல் தோன்றிய அது, மக்கள் குடியிருப்புகளின் சுவர்களையே தன் திரைச்சீலையாகக் கொண்டது. சால்ற்றனிலுள்ள புளொயிட் வீதியில் 1976இல் அது தீட்டிய ஓவியத்தின் நாயகர்கள், தம் வீடுகள் இடிக்கப்படாமற் காக்கப் போராடிய அவ்வீதியின் குடிகளே. அங்கே ஒரு கூட்டம். இங்கே ஒரு தனிமனிதர். கால் நூற்றாண்டுக்குள் சுவரின் பொருள் மாறிவிட்டது.

கடைக்காரரின் மகனொருவன் பொதுச் சுவரில் இடம்பெறுவது நமக்கு உவப்பானதே. குதிரைமேலேறிய தளபதியைவிட இது எவ்வளவோ மேல். எனினும் சினிமா ஒருவர் கையால் முடியும் தொழிலன்று. புகழ் அனைத்தையும் நெறியாளரின் காலடியில் வைக்கும் வழக்கத்தை இச்சுவரும் பின்பற்றுகிறது. ‘பறவைகள்’ (1963) படத்தின் நாயகி ரிப்பி ஹெட்ரன், படப்பிடிப்பில் நாட்கணக்காக உயிருள்ள பறவைகள் தம்மீது எறியப்பட்டதையும், அந்நெறியாளர் தமக்கிழைத்த பாலியல் தொல்லைகளையும் 2016இல் தமது சுயசரிதையில் எழுதினார். கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளின் பின்னரே அந்நூல் வந்தது. இன்று அச்சித்திரத்தின் முன் நிற்பவர் அதையும் சேர்த்தே பார்க்கவேண்டியவராகிறார்.

அல்மா ரெவில்லின் கதை வேறு. ஹிச்கொக்குக்கு முன்னரே படத்தொகுப்பு வேலையிலே தேர்ந்தவர். பின்னர் அவர் மனைவியானார். சுவரிலுள்ள ‘இன்பத் தோட்டம்’ படத்திலே உதவி நெறியாளர் அவரே. அதே சுவரிலுள்ள ‘ஸ்கின் கேம்’ (1931), ‘சந்தேகம்’ (1941) ஆகியவற்றின் திரைக்கதையிலும் அவர் பெயருண்டு. அவர் பிறந்தது 1899 ஆகஸ்ட் 14இல், கணவருக்கு ஒரு நாள் பின். அவரது நூற்றாண்டும் அதே வாரத்திலேதான் வந்து போயிற்று.