இலாசரின் வாயில்

பிரான்சு நாட்டின் லுவார் பகுதியில், திராட்சைத் தோட்டங்களும் கோட்டை மாளிகைகளும் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் அமைந்துள்ளது பொந்தெவ்ரோ துறவுமடம். 1101-இல் இதை நிறுவியவர் அர்பிரிசல் ஊரினரான இராபர்ட் என்னும் மறையுரையாளர். கன்னியர், ஆண் துறவியர், மனந்திரும்பிய பெண்டிர், தொழுநோயாளர் ஆகியோர்க்குத் தனித்தனி இல்லங்கள் எழுந்தன. அனைவருக்கும் தலைமை ஒரு பெண்ணே; 1115-இல் பெத்ரோனில் முதல் மடத்தலைவியானார். 'சிங்க நெஞ்சர்' எனப்பட்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் அவர்தம் பெற்றோரும் இங்கே அடக்கம் செய்யப்பெற்றனர்.

புரட்சியின்போது, 1789 நவம்பர் 2 அன்று, திருச்சபையின் உடைமைகள் நாட்டுடைமையாயின. 1792-இல் துறவியர் வெளியேற்றப்பட்டனர். 1804-இல் நெப்போலியனின் ஆணையால் மடம் சிறைச்சாலையாயிற்று. 1963 வரை அந்நிலை நீடித்தது.

தொழுநோயாளர் இல்லத்தின் பெயர் புனித இலாசர் இல்லம். செல்வரின் வாயிலில் புண்களோடு கிடந்த இலாசரின் பெயரையே இடைக்காலத்தார் இத்தகைய இல்லங்களுக்குச் சூட்டினர். இன்று அவ்வில்லம், 2014-இல் புதுப்பித்துத் திறக்கப்பெற்ற உயர்தர விடுதி. அமைதி நாடும் விருந்தினர் பணம் செலுத்தித் தங்குகின்றனர்.

இதைக் குறைகூறல் எளிது. எனினும் சிறையைவிட விடுதி மேலன்றோ? ஓய்வை நாடுதலும் பிழையன்று. களைத்த சீடரைத் தனிமையான இடத்திற்கு அழைத்தவர் ஆண்டவரே. ஆனால் அன்று அவ்வில்லம் எழுந்தது ஊர் ஒதுக்கியவருக்காக. இன்று செல்வர் உள்ளே இளைப்பாறுகிறார்; வாயிலில் இலாசரின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

தியான இல்லங்களைக் கட்டியெழுப்பும் நாமும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நமது கட்டணப் பட்டியலைக் கண்டு திரும்பிச் சென்ற இலாசர் எவரேனும் உளரா?