கிளெரி சட்டம்

கிளெரி சட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் உள்ள கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தத்தம் வளாகத்தில் நிகழும் குற்றங்கள் குறித்த தகவல்களை வெளியிட வேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் நடுவண் அரசுச் சட்டம் ஆகும். 1990 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இச்சட்டம், நடுவண் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் அரசு, தனியார் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் பொருந்தும். ஐக்கிய அமெரிக்கக் கல்வித் துறை இதனைச் செயற்படுத்தும் பொறுப்பை ஏற்றது.

பின்னணி

பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லீஹாய் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவியான ஜீன் கிளெரி (வயது 19), 1986 ஏப்ரல் 5 அன்று தன் விடுதி அறையில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். கொலையாளி அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆவார். விடுதியின் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. எனினும் அவை மூடிக்கொள்ளாதபடி அட்டைப் பெட்டிகளால் தடுத்து வைக்கப்பட்டிருந்தமையால், அவர் உள்ளே நுழைய முடிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் அவ்வளாகத்தில் வன்முறைக் குற்றங்கள் நிகழ்ந்திருந்தன என்பதை மாணவியின் பெற்றோர் பின்னரே அறிந்தனர். இது முன்பே தெரிந்திருந்தால் மகளை அங்கு சேர்த்திருக்க மாட்டோம் என்பது அவர்களது வாதமாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடர்ந்த அவர்கள், 1987 இல் வளாகப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பை நிறுவினர். 1988 இல் பென்சில்வேனியாவில் மாநிலச் சட்டமும், 1990 இல் நடுவண் அரசுச் சட்டமும் நிறைவேறின. 1998 இல் சட்டத்துக்கு ஜீன் கிளெரியின் பெயர் சூட்டப்பட்டது.

முக்கிய விதிகள்

* ஆண்டறிக்கை: ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 ஆம் நாளுக்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிடப்பட வேண்டும். அதில் கொலை, பாலியல் குற்றம், கொள்ளை, கடுந்தாக்குதல், கட்டடம் புகுந்து திருடல், வாகனத் திருட்டு, தீவைப்பு முதலியவற்றின் மூன்றாண்டு எண்ணிக்கை இடம்பெறும்.
* குற்றப் பதிவேடு: காவல் அல்லது பாதுகாப்புப் பிரிவு உள்ள நிறுவனங்கள், முறையிடப்படும் குற்றங்களை இரண்டு வேலை நாட்களுக்குள் பதிய வேண்டும். கடைசி 60 நாட்களின் பதிவுகளை எவரும் அலுவலக நேரத்தில் பார்வையிடலாம்.
* உரிய நேர எச்சரிக்கை: நிகழ்ந்த குற்றத்தால் தொடர்ந்து ஆபத்து இருக்குமாயின், வளாகத்தினர் தம்மைக் காத்துக்கொள்ள உதவும் வகையில் எச்சரிக்கை விடுக்க வேண்டும்.
* பாதிக்கப்பட்டோர் உரிமைகள்: 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, காதல் உறவில் வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை தருதல் ஆகியவற்றுக்கு உள்ளானோருக்கு அவர்களது உரிமைகள் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். காவல் துறையிடம் முறையிடுவதா இல்லையா என்பது அவர்களது விருப்பம். முறையிடாவிட்டாலும், கோரினால், விடுதி அறை, வகுப்பு நேரம் போன்றவற்றை இயன்றவரை மாற்றித் தர வேண்டும்.

வர்ஜீனியா டெக் நிகழ்வு

2007 ஏப்ரல் 16 அன்று காலை 7:15 மணியளவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வளாகத்தினருக்கு முதல் மின்னஞ்சல் 9:26 மணிக்கே அனுப்பப்பட்டது. கொலை நிகழ்ந்ததையோ, சுட்டவர் பிடிபடவில்லை என்பதையோ அது கூறவில்லை. சுமார் 15 நிமிடங்களில் அதே நபர் நாரிஸ் மண்டபத்தில் மேலும் 30 பேரைக் கொன்றார். அவர்களுள் தமிழ்நாட்டின் கோபிச்செட்டிப்பாளையம் பகுதியைச் சேர்ந்த குடிசார் பொறியியல் பேராசிரியர் ஜி. வி. லோகநாதனும் ஒருவர்.

எச்சரிக்கை தாமதமானதற்காகக் கல்வித் துறை 2011 இல் 55,000 டாலர் தண்டம் விதித்தது. மேன்முறையீட்டுக்குப் பின் அத்தொகை குறைந்தது. இதற்கிடையே 2008 இல் சட்டம் திருத்தப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து உண்டென உறுதியானவுடன் தாமதமின்றி அவசர அறிவிப்பு விடுக்கவும், அதற்கான ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும் என்பது விதியாயிற்று.

பிற்கால நடவடிக்கைகள்

சட்டத்தை மீறியமைக்காக பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் மீது 2016 இல் ஏறத்தாழ 24 இலட்சம் டாலரும், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் மீது 2019 இல் 45 இலட்சம் டாலரும், லிபர்ட்டி பல்கலைக்கழகம் மீது 2024 இல் 1.4 கோடி டாலரும் தண்டமாக விதிக்கப்பட்டன. 2024 டிசம்பரில் கையெழுத்தான திருத்தம், மாணவர்களிடையே நிகழும் பகடிவதைகளையும் அறிக்கையில் சேர்க்கப் பணித்தது.

குறைபாடுகள்

அறிக்கையில் உள்ளவை முறையிடப்பட்ட குற்றங்கள் மட்டுமே. எனவே குறைந்த எண்ணிக்கை பாதுகாப்பான வளாகத்தைக் குறிக்கலாம். பாதிக்கப்பட்டோர் முறையிடத் தயங்கும் வளாகத்தையும் குறிக்கலாம். எண்ணிக்கை கூடுவது, முறையிடுவோரின் நம்பிக்கை வளர்ந்ததன் விளைவாகவும் இருக்கக்கூடும். மாணவர்கள் பலர் வாடகைக்குக் குடியிருக்கும் தனியார் வீடுகளில் நிகழும் குற்றங்கள் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. நூலகத்தில் மடிக்கணினி களவுபோவது போன்ற சாதாரணத் திருட்டுகளும் ஆண்டறிக்கைப் புள்ளிவிவரத்தில் சேர்வதில்லை. அவை முறையிடப்பட்டிருப்பின் குற்றப் பதிவேட்டில் காணப்படும். ஆகையால் ஒரு வளாகத்தின் நிலையை அறிய விரும்புவோர், ஆண்டறிக்கையுடன் பதிவேட்டையும் சேர்த்துப் பார்ப்பது பொருத்தமாகும்.