ஆடைப் பொருத்தம்: செட்டிநாட்டு உடைகளை முன்வைத்து

ஆடைப் பொருத்தம் என்பது உடுத்துபவரின் உடல்வாகோடு ஆடை இசைந்து நிற்கும் தன்மை. தோள் அகலம், மார்பு, இடுப்பு, கை, உயரம் ஆகியவற்றின் விகிதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரே உயரமும் ஒரே எடையும் உள்ள இருவருக்குக்கூட ஒரே சட்டை ஒரே மாதிரி அமைவதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை மையமாகக் கொண்ட செட்டிநாடு, இந்தச் சிக்கலின் வரலாற்றை ஒரே இடத்தில் காண ஏற்ற வட்டாரம். கத்தரி படாத கண்டாங்கிச் சேலை, ஆளைப் பார்த்துத் தைக்கும் ரவிக்கை, எண் ஒட்டி வரும் ஆயத்த ஆடை ஆகிய மூன்றும் இங்கே இன்றும் புழக்கத்தில் உள்ளன.

தைக்காத உடை

தமிழகத்தில் தைத்த உடை மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, அரசனின் பாசறையைக் காத்த யவனர் மெய்ப்பை என்னும் சட்டை அணிந்திருந்ததைக் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரர் என்று தையற்காரரையும் சேர்த்துச் சொல்கிறது. ஆயினும் பெரும்பாலான மக்கள் அன்றாடம் உடுத்தியது தறியிலிருந்து இறங்கிய நீளத் துணியைத்தான். வெக்கைக்கு அது ஏற்றது. துவைத்து உலர்த்த எளிது. கத்தரி படாததால் துணி வீணாவதில்லை. கொள்ளுப்பாட்டி உடுத்தியதைப் பேத்தியும் உடுத்தலாம்.

ஆண்களின் வேட்டியும் இவ்வகையே. 4 முழ வேட்டி சுமார் 2 மீட்டர் நீளம். 8 முழ வேட்டி ஏறத்தாழ அதன் இரு மடங்கு. ஒல்லியானவருக்கு 4 முழம் போதும். வயிறு கனத்தவர் 8 முழம் வாங்கி இரண்டு சுற்றாகக் கட்டிக்கொள்வார். பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் வேட்டியும் துண்டுமாகவே போனார்கள். இளமையில் ஒடிசலாகக் கப்பல் ஏறியவர் நடுவயதில் பூசின உடம்போடு ஊர் திரும்பினாலும் உடையை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

கண்டாங்கியும் பின்கொசுவமும்

செட்டிநாட்டின் அடையாள உடை கண்டாங்கிச் சேலை. காரைக்குடிப் பகுதியில் கைத்தறியில் நெய்யப்படும் இந்தப் பருத்திச் சேலையில் பெரிய கட்டங்களும் கோடுகளும் அகலமான கரையும் இருக்கும். அரக்கு, கடுகு மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகியவை இதன் பழைய நிறங்கள். துணி கனமானது. அதனால் உடலோடு ஒட்டிக்கொள்ளாமல் சற்று விலகி, தன் வடிவில் நிற்கும். மெல்லிய துணி உடலின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும், கண்டாங்கி காட்டாது. எல்லா உடல்வாகுக்கும் இச்சேலை எடுப்பாக இருப்பதற்கு இந்தக் கனமே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் கட்டும் முறை. முற்காலத்து நகரத்தார் பெண்களான ஆச்சிமார் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டினார்கள். சேலையின் ஒரு முனையில் கொசுவம் மடித்து அதை இடுப்பின் பின்பக்கத்தில் இருத்தி, மீதித் துணியைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்குவார்கள். கொசுவத்தின் தலைப்பு பின்னிடுப்பில் விசிறிபோல் விரிந்து நிற்கும். முந்தானை தோளைச் சுற்றி வந்து இடுப்பில் செருகப்படும். முன்பக்கம் தட்டையாக இருப்பதால் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யலாம். கணுக்கால் தெரியும் உயரத்தில் கட்டுவதால் நடை தடைபடாது.

இம்முறையில் பொருத்தம் கொசுவத்தின் எண்ணிக்கையில் அடங்கியிருக்கிறது. இடுப்பு சிறுத்தவருக்கு மடிப்பு கூடும். பெருத்தவருக்கு மடிப்பு குறையும். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் மாதங்களில் கட்டு சற்றே தளரும், பிறகு மறுபடி இறுகும். உயரம் குறைந்தவர் மேல்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் செருகிக்கொள்வார். இந்தச் சரிக்கட்டல் எல்லாம் காலையில் உடுத்தும் அந்தச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெட்டித் தைத்த எந்த உடைக்கும் இந்த வசதி கிடையாது.

நகரத்தார் திருமணங்களில் பெண்ணுக்குச் சீராக அடுக்கடுக்காகச் சேலைகள் வைப்பது வழக்கம். அவை பெட்டகத்தில் தங்கித் தலைமுறை தாண்டியும் பயன்பட்டன. ஒருவரின் அளவுக்கு என்று எதுவும் செய்யப்படாததால்தான் இது இயன்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மில் துணியும் செயற்கை இழைச் சேலையும் பரவியபோது கண்டாங்கி நெசவு நலிந்தது. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை பழைய சேலைகளைத் தேடியெடுத்து, அவற்றின் கட்டங்களையும் கரைகளையும் மீண்டும் தறியேற்றியது. 2019ஆம் ஆண்டில் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ரவிக்கையின் வருகை

பழைய தலைமுறை ஆச்சிமார் பலர் ரவிக்கை அணியாமல் சேலையை மட்டுமே சுற்றிக் கட்டினார்கள். இது வெப்பத்துக்கும் கட்டும் முறைக்கும் இயைந்த வழக்கமாகும். தெற்கே நாஞ்சில் நாட்டில் நிலைமை வேறு. அங்கே சாதியின் பெயரால் பெண்களின் மேலாடை தடுக்கப்பட்டிருந்தது. 1822 முதல் 1859 வரை நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் மூலம் அந்த உரிமை வென்றெடுக்கப்பட்டது. ஆகவே தமிழகத்தில் ரவிக்கையின் வரலாற்றை ஊருக்கு ஊர் தனியாகவே பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டில் பெண்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் குடும்பமாகப் பயணம் செய்ததும் ரவிக்கையைப் பொதுவாக்கின. தையல் இயந்திரம் அதை எளிதாக்கியது. ஐசக் சிங்கர் அமெரிக்காவில் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் வொர்க்ஸ் உஷா இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியபின் இந்தியத் தயாரிப்பே கைக்கு எட்டியது. பொருத்தம் என்ற சிக்கல் செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் இந்த இயந்திரத்தோடுதான். அதுவரை துணியை உடம்புக்கேற்ப வளைத்துக்கொண்ட பெண், இப்போது துணிக்குள் உடம்பை நுழைக்க வேண்டியதாயிற்று.

அளவெடுக்கும் முறை

ரவிக்கை தைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாடாவால் உடம்பில் அளவெடுப்பது. உயரம், தோள், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கை உயரம், கைச் சுற்று, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம் ஆகியவை குறிக்கப்படும். மற்றொன்று, நன்றாக அமைந்த பழைய ரவிக்கை ஒன்றை 'அளவு ஜாக்கெட்' என்று கொடுத்துவிடுவது. இரண்டாம் முறையே மிகுதி. "அளவு ஜாக்கெட் மாதிரியே இருக்கட்டும்ணே, கை மட்டும் ரெண்டு நூல் லூசு விடுங்க" என்றால் தையற்காரருக்குப் போதும். நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. தச்சரும் தையற்காரரும் இன்றும் கையாளும் அளவு அது.

துணி வெட்டும்போது மார்புச் சுற்றளவை நான்கால் வகுத்து, தளர்வுக்குச் சிறிது கூட்டி, ஒரு பக்கத்தின் அகலத்தைக் குறிப்பார்கள். பல தையல் பாடங்களில் கழுத்தகலமும் கைக்குழியும்கூட மார்புச் சுற்றளவிலிருந்தே கணக்கிடப்படும். கைதேர்ந்தவர் இந்தக் கணக்கோடு நிற்பதில்லை. மார்பு 36 இஞ்ச் உள்ள இருவரில் ஒருவருக்குத் தோள் 13½ இஞ்சும் மற்றவருக்கு 15 இஞ்சும் இருக்கலாம். தோளைத் தனியாக அளக்காமல் கணக்கை மட்டும் நம்பினால், ஒருவருக்குத் தோள் சரியும், மற்றவருக்குக் கை பிடிக்கும்.

ரவிக்கையை உட்புறம் திருப்பிப் பார்த்தால் இந்தத் தொழிலின் சிறந்த உத்தி தெரியும். இரு விலாப் பக்கங்களிலும் ஓர் இஞ்ச் அளவுக்குத் துணி உள்ளே விடப்பட்டு, ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு மூன்று தையல் வரிகள் ஓடும். உடம்பு பெருத்தால் உள்வரியைப் பிரித்துவிட வேண்டும். இளைத்தால் மறுபடி ஒரு வரி ஓட்ட வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் அதே ரவிக்கை பயன்படும். சிறுமியரின் பட்டுப்பாவாடையில் கீழ்ப்பக்கம் மடிப்பு வைத்துத் தைப்பதும் இதே எண்ணத்தில்தான். பிள்ளை வளர வளர மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும். உடம்பு மாறும் என்பதை ஏற்றுக்கொண்டு தைத்த உடைகள் இவை.

உடல்வாகு வகைகள்

பேச்சுவழக்கில் உடல்வாகைக் குறிக்கச் சொற்கள் நிறைய உண்டு: ஒடிசல், பூசின உடம்பு, வாட்டசாட்டம், கட்டை, நெட்டை. தையற்காரரின் வகைப்பாடு இதிலும் நுட்பமானது. முதுகை வைத்து நேர் முதுகு, கூன் முதுகு, நிமிர்ந்த முதுகு என்று மூன்று. கூன் முதுகுக்குப் பின்பாகத்தின் உயரத்தைக் கூட்டி முன்பாகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி நிற்பவருக்கு இதற்கு நேர்மாறு. தோளை வைத்து ஏறுதோள், சமதோள், சரிதோள் என்று மூன்று. சரிதோளுக்குத் தோள் தையலைச் சாய்த்து வெட்டாவிட்டால் கழுத்துப் பகுதி அகன்று இறங்கும். வயிற்றை வைத்து ஒட்டிய வயிறு, தொப்பை என்று இரண்டு. தொப்பை உள்ளவரின் சட்டைக்கு முன் உயரம் கூட வேண்டும். இல்லையேல் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பெண்களின் ரவிக்கையில் டாட் எனப்படும் பிடிப்புகளின் இடமும் ஆழமும் ஆளுக்கு ஆள் மாறும். கட்டோரி வெட்டும் பிரின்சஸ் கட்டும் மார்பின் வளைவைத் தனித்துண்டுகளால் அமைப்பவை. இந்த வகைகள் ஒன்றோடொன்று கூடும்போது எண்ணற்ற உடல்வாகுகள் உண்டாகின்றன. எந்த அட்டவணையிலும் இவை எல்லாவற்றையும் அடக்க முடியாது.

அளவு எண்கள் தோன்றியமை

அளவு எண் மேலைநாட்டில் பிறந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்குச் சீருடையை மொத்தமாகத் தைக்க நேர்ந்ததால் ஆண்களின் அளவுகள் வகைப்படுத்தப்பட்டன. 1863இல் பட்டரிக் நிறுவனம் பல அளவுகளில் காகித வெட்டுப்படிகளை விற்கத் தொடங்கியது. பெண்களுக்கு 1939, 1940 ஆண்டுகளில்தான் பெரும் ஆய்வு நடந்தது. அமெரிக்க வேளாண் துறைக்காக ரூத் ஓப்ரையனும் வில்லியம் ஷெல்டனும் சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் வீதம் அளந்தார்கள். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் முடிவில் சேர்க்கப்படவில்லை. அவ்வாய்வை அடிப்படையாகக் கொண்ட அளவுத் தரம் 1958இல் வந்தது, 1983இல் கைவிடப்பட்டது. ஆனால் எண் போட்டு விற்கும் வழக்கம் அதற்குள் உலகம் முழுதும் பரவிவிட்டது.

ஆயத்த ஆடையும் மனக்குறையும்

ஆயத்த ஆடையில் ஒரு நடுத்தர அளவுக்கு முதலில் வெட்டுப்படி செய்யப்படும். அதிலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் எல்லாப் பக்கமும் குறித்த அளவு கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும். உடம்பு அப்படி வளர்வதில்லை. எடை கூடினால் வயிறும் மார்பும் மேல்கையும் பெருக்கின்றன. தோளெலும்பு அந்த விகிதத்தில் அகல்வதில்லை, கை நீள்வதில்லை. எனவே டபுள் எக்ஸெல் குர்த்தா வாங்கும் குட்டையான பெண்ணுக்கு இடுப்பு சரியாக இருக்கும், தோள் இறங்கும், கை விரல்வரை வரும். இடுப்புக்குச் சரியான பேன்ட் தொடையில் பிடிக்கும். ஒரு நிறுவனத்தின் லார்ஜ் இன்னொன்றில் மீடியமாக இருப்பதும் உண்டு. ஃப்ரீ சைஸ் என்று எழுதிய உடையும் மிக ஒல்லியானவருக்கும் மிகப் பருத்தவருக்கும் பயன்படாது. ஆயத்த ஆடையில் உள்துணி கால் இஞ்ச் அளவே விட்டு ஓவர்லாக் அடிக்கப்படுவதால், பிடிக்க முடியுமே தவிரப் பிரித்துவிட முடியாது. பெருத்த உடம்புக்காரருக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி இதுதான்.

துணிக்கடையின் உடைமாற்றும் அறையில் நின்று நான்காவது உடையும் ஏறாதபோது, பலரும் தம் உடம்பையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். வளரிளம் பெண்களை இது மிகவும் வருத்துகிறது. உடம்பில் குறை எதுவுமில்லை. யாரோ ஒரு நடுத்தர உடம்புக்காக வகுத்த கணக்கு இவர்களுக்குப் பொருந்தவில்லை என்பதே உண்மை. சேலையிலும் இந்தக் கணக்கு ஓரளவு புகுந்துவிட்டது. 5.5 மீட்டர் நீளம், சுமார் 45 இஞ்ச் அகலம் என்று நின்றுவிட்டதால், மிக உயரமானவருக்குக் கரை கணுக்காலுக்கு மேல் ஏறுகிறது. பருத்தவருக்கு முன்கொசுவம் இரண்டு மூன்றில் முடிந்துவிடுகிறது.

தமிழகத்தில் இந்தப் பொருத்தக் குறையைச் சரிசெய்யத் துணைநிற்பவர்கள் சிறு தையற்காரர்களே. இத்தொழிலுக்கு அரசும் கைகொடுக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் ஆதரவற்ற பெண்களுக்கு அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. சத்துணவு உண்ணும் 1 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் தரப்படும் நான்கு செட் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தினர் தைக்கிறார்கள்.

இன்றைய நிலை

இந்திய உடல்களுக்கென்று அளவு அட்டவணை வகுக்க, மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவுடன் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' ஆய்வை மேற்கொண்டது. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது அதன் திட்டம். மறுபுறம், கத்தரி படாத கண்டாங்கியே காரைக்குடியில் இப்போது சுடிதாராகவும் குர்த்தாவாகவும் தைத்தும் விற்கப்படுகிறது.