ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: அப்பாவின் சிடியும் தமிழ் எழுத்துருக்களின் கதையும்

ஆபீஸில் ஆணி அதிகம். ரொம்ப நாளாக எழுத நினைத்து இப்போதுதான் உட்கார முடிந்தது. இந்த முறை கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் வீட்டுக் கம்ப்யூட்டர். நான் படித்தது பி.காம். தான், பொட்டி தட்டும் ஆசாமி இல்லை. அதனால் எனக்குப் புரிந்த பாஷையில்தான் சொல்லப்போகிறேன்.

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது லாஃப்டில் ஒரு சிடி கிடைத்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் "நம் குடும்பம் - 2004". அப்பா கும்பகோணத்தில் தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். நான் மாற்றலாகி புனே வந்த மறு வருடம், பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து குடும்பக் கதையை ஒன்பது கோப்புகளாகத் தட்டி அனுப்பினார். தாத்தா வீடு வாங்கின கதை, அத்தை கல்யாணத்துச் செலவுக் கணக்கு, எல்லாம். 2011ல் அப்பா தவறிவிட்டார்.

சிடி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி வந்து திறந்தால், திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். ஒன்பதாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது தாத்தாவோட பாஸ்வேர்டா?" என்றாள்.

பாஸ்வேர்ட் இல்லை. அது தமிழ்தான். ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. இந்த ஐந்தையும் சேர்த்தால் "தமிழ்". பாமினி என்ற எழுத்துருவில் ஜே இருக்க வேண்டிய இடத்தில் த படம் இருக்கும், கே இடத்தில் ம, பி இடத்தில் இகரக் குறி, ஓ இடத்தில் ழ, அரைப்புள்ளி இடத்தில் மேல்புள்ளி. பழைய தட்டச்சு விசைப்பலகையை ஒட்டிய அமைப்பு என்பதால் அப்பாவுக்குக் கை தானாக ஓடியது. ஆனால் கோப்பில் பதிவானது தமிழ் இல்லை, 106, 107, 112, 111, 59 என்ற எண்கள்தான். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பாஸ்வேர்ட்!

பேங்க் உதாரணம் சொல்கிறேன். கோர் பேங்கிங் வருவதற்கு முன் ஒவ்வொரு கிளைக்கும் தனி லெட்ஜர். 106ம் நம்பர் கணக்கு கும்பகோணத்தில் ஒருவருக்கு, புனேயில் வேறொருவருக்கு. கிளை பெயர் இல்லாமல் வெறும் கணக்கு எண்ணை நீட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எழுத்துரு பெயர் தெரியாத தமிழ்க் கோப்பும் அப்படித்தான்.

இந்த லெட்ஜர் குழப்பத்தைத் தீர்க்க நடந்த பெரிய முயற்சி ஒன்று நான் குடியிருக்கும் இதே புனேவில் நடந்தது. எனக்கே தெரிந்தது சமீபத்தில்தான். ஐஐடி கான்பூரில் 1980களில் ஜிஸ்ட் என்ற தொழில்நுட்பம் உருவானது. மோகன் தாம்பே என்ற பொறியாளரின் பங்கு அதில் முக்கியமானது. 1988ல் புனேவில் சிடாக் நிறுவனம் தொடங்கியபோது ஜிஸ்ட் இங்கே வந்து சேர்ந்தது. 1991ல் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்தார்களே, அதே சிடாக். கம்ப்யூட்டருக்குள் ஜிஸ்ட் கார்டு ஒன்றைச் செருகினால் டாஸ் காலத்து மென்பொருள்களிலும் இந்திய எழுத்துகள் தெரியும். இதற்கு அடிப்படையான இஸ்கி என்ற குறிமுறையை 1991ல் இந்திய தர நிர்ணய அமைப்பு தரமாக அறிவித்தது.

இஸ்கியின் அழகு என்னவென்றால் மராட்டி 'ம', தமிழ் 'ம', வங்காள 'ம' எல்லாவற்றுக்கும் ஒரே எண். எந்த எழுத்தில் காட்டுவது என்பதை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் வெளிநாட்டுத் தமிழர்கள் யாரும் இதற்காகக் காத்திருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்தில் முனைவர் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களுக்காக மதுரைத் திட்டத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். இணையத்தில் விவாதித்தே டிஸ்கி என்ற குறிமுறையைப் பல நாட்டுத் தமிழர்கள் உருவாக்கினார்கள். 1997ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று ஒரு மாநாடு. 1999ல் சென்னையில் அடுத்தது. அங்கிருந்துதான் தமிழ்நாடு அரசின் டாம், டாப் குறிமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. எல்லாமே நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஆளுக்கொரு லெட்ஜர்!

அந்தக் கஷ்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு இறக்க வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வியூ, என்கோடிங், யூசர் டிஃபைன்ட் என்று போய்த் தட்ட வேண்டும். எக்ஸ்பியில் யுனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" பெட்டியில் டிக் போட வேண்டும், அதற்கு எக்ஸ்பி சிடியைத் தேட வேண்டும். இருபுறமும் சீராக்கிய தமிழ் வரிகள் 2008ல் ஃபயர்பாக்ஸ் 3 வரும்வரை அந்த உலாவியில் உடைந்துதான் தெரிந்தன.

இன்று எல்லாரும் வந்து சேர்ந்திருக்கும் இடம் யுனிகோட். 1991 அக்டோபரில் முதல் பதிப்பு. உலகத்து எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண், நம் ஐஎஃப்எஸ்சி மாதிரி. "தமிழ்" என்றால் 2980, 2990, 3007, 2996, 3021. எந்த எழுத்துரு போட்டாலும் இது மாறாது. விண்டோஸ் 2000லேயே லதா எழுத்துருவோடு தமிழ் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010ல் யுனிகோடைத் தரமாக ஏற்றது.

யுனிகோட் இந்திய எழுத்துகளை அடுக்கியது 1988ம் வருட இஸ்கியைப் பார்த்துத்தான். அதனால் மராட்டி 'ம' 2350 என்றால், 640 கூட்டினால் 2990, தமிழ் 'ம'! இதில் நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. நான்கு 'க' உள்ள மொழிகளுக்கான அடுக்கில் ஒரே 'க' உள்ள தமிழைப் பொருத்தியதால் நடுவில் காலி இடங்கள். அந்த வாதம் ரொம்ப நாள் நடந்தது. தமிழ்நாடு அரசு அதே 2010ல் டேஸ்16 என்ற மாற்று முறையையும் ஏற்றது.

சரி, சரித்திரம் போதும். உங்கள் வீட்டுப் பழைய கோப்புகளுக்கு என்ன செய்யலாம்?

1. முதலில் நகல் எடுங்கள். அசல் கோப்பைத் தொடவே வேண்டாம்.

2. வேர்டில் திறந்து, எழுத்துகளைத் தேர்வு செய்து எழுத்துரு பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். பெயர் இல்லாத வெறும் உரையில் ஜே, கே, பி, ஓ மாதிரி சாதாரண ஆங்கில எழுத்துகள் இருந்தால் பாமினியை முயலுங்கள். தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி அல்லது டாப் ஆக இருக்கலாம்.

3. "பாமினி யுனிகோட் மாற்றி" என்று தேடினால் பல பக்கங்கள் வரும். முன்பு சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் இந்த வேலையில் பெரிய உதவி. பேங்க்காரனாக ஒரு எச்சரிக்கை: குடும்பக் கடிதங்களில் கணக்கு எண், பத்திர எண் எல்லாம் இருக்கும். மாற்றிப் பக்கம் திறந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு ஒட்டிப் பாருங்கள். அப்போதும் மாற்றினால் வேலை உங்கள் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வைஃபையைப் போடுங்கள்.

4. மாற்றியதை ஒருமுறை படித்துச் சரிபாருங்கள். நடுவில் வந்த ஆங்கில வார்த்தைகள் உளறல் தமிழாகியிருக்கும். ஔ என்பது ஒ, ள என்று பிரிந்திருக்கலாம்.

5. நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். பிடிஎஃப் நகல் ஒன்றும் எழுத்துரு கோப்பும் கூடவே இருக்கட்டும்.

ஐந்தாவதை நான் சொந்த நஷ்டத்தில் கற்றேன். 2006ல் அப்பாவின் ஒரு கோப்பை யுனிகோடுக்கு மாற்றி, நோட்பேடில் ஒட்டி, சேமித்தேன். அந்தக் கால நோட்பேட் தானாக ஆன்சி என்றுதான் சேமிக்கும். ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே அழுத்தினேன். மாற்றியாகிவிட்டதே என்று மூலக் கோப்பையும் அழித்தேன். பிறகு திறந்தால் நான்கு பக்கமும் கேள்விக்குறி. அது பாட்டியைப் பற்றி அப்பா எழுதியது. "இன்னொரு தடவை அனுப்புங்கப்பா" என்று கேட்க வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். சிடியில் இருக்கும் என்று இப்போது ஆசையாகத் தேடினேன். இருப்பது எட்டுதான்.

அதனால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். புரியாத எழுத்துகள் வந்தால் பயப்பட வேண்டாம், கணக்கு பத்திரமாக இருக்கிறது, லெட்ஜர்தான் வேறு. கேள்விக்குறி வந்தால் லெட்ஜரே எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எட்டுக் கோப்புகளும் இப்போது யுனிகோடில். மகளுக்கு மராட்டி நன்றாகப் படிக்க வரும், தமிழ் பேச்சோடு சரி. எழுத்துமாற்றியில் போட்டு தேவநாகரியில் கொடுத்தேன். கும்பகோணத்தை 'பாட்டு'வில் வரும் ப போட்டுப் படித்துவிட்டுச் சிரித்தாள். நம் ஒரே 'ப' செய்யும் வேலை :-) பிறகு எட்ஜ் உலாவியில் ரீட் அலவுடில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டேன். அந்தக் குரல் இணையம் வழியாக வருவதால் கணக்கு எண் உள்ள பக்கங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

தாத்தா வீடு வாங்கின கதையை மூன்று முறை கேட்டாள். அப்புறம், "பாட்டியம்மா பத்தி எதுவும் எழுதலையா?" என்றாள். எழுதினார் என்றேன். அந்த நான்கு பக்கத்தில் எனக்கு நினைவிருப்பதை நானே தட்ட ஆரம்பித்திருக்கிறேன். இந்த முறை யுடிஎஃப்-8ல்.

பி.கு: உங்கள் வீட்டில் பழைய சிடி, ஃப்ளாப்பி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பாருங்கள். எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று சொல்ல ஆள் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.