கொதித்த அம்பாசடர்

1900-இல் வில்ஹெல்ம் மைபாக் மெர்சிடிஸ் காருக்குத் தேன்கூட்டு ரேடியேட்டர் செய்தார். 9 லிட்டர் தண்ணீரே என்ஜினைக் குளிர்விக்கப் போதுமானதாயிற்று. ஆனால் தண்ணீர் ஓடும் வழி குறுகியது. அடைப்புக்கும் அதுவே வழியாயிற்று.

நம் நாட்டில் 1980 வாக்கில் டீசல் அம்பாசடர் வந்தது. நான் வாங்கிய பழைய வண்டி, சங்கரன்கோவிலில் கிளம்பினால் கரிவலம்வந்தநல்லூர் போவதற்குள் கொதித்துவிடும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் எல்லாம் மாற்றியும் தீரவில்லை. வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியை ஓட்டி நிறுத்தி, ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். ஓரம் சுட்டது, நடுவில் சூடே இல்லை.

"என்ன தண்ணி சார் ஊத்துறீங்க?"

"போர் தண்ணி."

உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தது. சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் ஊற்றிய பின் கொதிப்பு நின்றது.

முப்பது வருடம் கடின நீர் பாடம் நடத்தியவன் நான்!