உடைந்த நற்கருணைப் பாத்திரம்

நமது ஜூபிலி நாடகம் மேடையேறும் இவ்வேளையில் மற்றொரு நாடகம் நம் நினைவுக்கு வருகிறது. 1971 செப்டம்பர் 8, நாம் வேளாங்கண்ணி மாதா திருநாள் கொண்டாடிய அதே நாளில், வாஷிங்டனில் கென்னடி கலையரங்கம் ‘மாஸ்’ என்னும் இசை நாடகத்தோடு திறக்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியின் நினைவாக, அவர் துணைவியார் கேட்டுக்கொண்டபடி அதை இயற்றியவர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். அவர் ஒரு யூதர்!

பூசையின் இலத்தீன் செபங்களுக்கு இடையே தெருப் பாடகர்கள் எழுந்து கடவுளையே கேள்வி கேட்கிறார்கள். இறுதியில் மனமுடைந்த குருவானவர் நற்கருணைப் பாத்திரத்தைத் தரையில் வீசி உடைக்கிறார்.

அன்று அரங்கில் சற்று நேரம் மௌனம். பின்னர் நெடுநேரம் கரவொலி. நியூயார்க் டைம்ஸ் விமர்சகரோ எள்ளி நகையாடினார். 1972-ல் சின்சினாட்டி பேராயர், கத்தோலிக்கர் இதைப் பார்க்கலாகாது என்றார். திவ்விய பலிபூசையை உயிராய் மதிக்கும் நமக்கு அவரது வேதனை விளங்காமலில்லை. ஆயினும் நாடகம் அந்த உடைப்போடு முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சிறுவன் தனியே பாடத் தொடங்க, பிரிந்து நின்றவர்கள் ஒருவரையொருவர் தழுவுகிறார்கள். நாம் பூசையில் கைகூப்பித் தெரிவிக்கும் சமாதானத்தை, அங்கே சிறுவர்கள் மேடையிலிருந்து இறங்கிவந்து, பார்வையாளரின் கைதொட்டு வழங்கினார்கள்.